வட்டு எழுதி சாகவில்லை, வழிதான் அடைபட்டிருக்கிறது

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய அரங்கில் ஒரு பழைய பொருளைப் பற்றிப் பேசப் போகிறேன். கணினியில் குறுந்தட்டு எழுதும் கருவி. சிடி ரைட்டர் என்போம், சிலர் பேர்னர் என்பார்கள். "இந்தக் காலத்தில் யார் ஐயா சிடி பயன்படுத்துகிறார்கள்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அக்காவின் கல்யாணம், தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், தோட்டத்துத் திருவிழா எல்லாம் எதில் இருக்கின்றன? அந்த வட்டுகளில்தானே?

சென்ற ஆண்டு சிலியாவ் பக்கமிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். தோட்டத்துக் கோவில் நிர்வாகத்தில் பல காலம் இருந்தவர். ஒரு கையில் பழைய கணினிப் பெட்டி, இன்னொரு கையில் பசார் பை. பை நிறைய குறுந்தட்டுகள். திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, மூன்று கல்யாணம். எல்லாம் 2003-க்கும் 2008-க்கும் இடைப்பட்டவை.

"தம்பி, அந்த லயம் இப்ப இல்ல. பால்மரம் போயி செம்பனை வந்துச்சு. அப்புறம் வீடுகளையும் உடைச்சிட்டாங்க. கோவிலையும் சாலையோரமா மாத்தியாச்சு. பழைய கோவில் எப்படி இருந்துச்சுன்னு பேரப் பிள்ளைங்களுக்குக் காட்ட இதுதான் மிச்சம்" என்றார்.

பேரனின் புதிய மடிக்கணினியில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சில வட்டுகள் ஓடின. சில வட்டுகளைக் 'காலி' என்று காட்டிவிட்டது. எழுதிய பழைய கணினியிலேயே போட்டுப் பார்க்கலாம் என்றால், அதில் சிடி கருவியே காணவில்லை. கடைக்காரர் "டிரைவ் செத்துப் போச்சு" என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டினார். அதுவும் காணவில்லை. இன்னொன்று மாட்டினார். அதுவும் இல்லை. பணம் போனதுதான் மிச்சம்.

இங்கேதான், நேயர்களே, நாம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு கருவி கெட்டுப் போகலாம். மாற்றிய கருவியும், அதற்கடுத்த கருவியும் அதே நாளில் கெட்டுப் போகுமா? போகாது. அப்படியானால் கோளாறு கருவியில் இல்லை. கருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது.

செக்ரோலில் பெயர் உண்டு, ஆள் இல்லை

கணினிக்கும் அதில் பூட்டிய கருவிக்கும் நடுவில் பேசும் சிறு மென்பொருளை இயக்கி என்கிறோம். டிரைவர் என்பதும் அதுதான். இதைத் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். துரை ஒரு உத்தரவு போடுகிறார். அது கிராணிக்கு வருகிறது, கிராணியிடமிருந்து மண்டோருக்குப் போகிறது, மண்டோர் வெட்டுக்காரரிடம் சொல்கிறார். வேலை நடக்கிறது. துரை நேரே மரத்தடிக்கு வருவதில்லை. கணினியிலும் அப்படித்தான். "இந்தக் கோப்பை வட்டில் எழுது" என்று நாம் சொன்னால், அந்தக் கட்டளை பல அடுக்குகளைத் தாண்டித்தான் கருவிக்குப் போய்ச் சேருகிறது.

இந்த வரிசையில் புதிய ஆட்களை நுழைக்க விண்டோஸ் இடம் கொடுக்கிறது. இவற்றை வடிகட்டி இயக்கிகள் எனலாம். முதன்மை இயக்கிக்கு மேலே நிற்பவை 'அப்பர் ஃபில்டர்ஸ்', கீழே நிற்பவை 'லோவர் ஃபில்டர்ஸ்'. சிடி எழுதும் மென்பொருள் ஒன்றை நிறுவும்போது அது தன் ஆளை இந்த வரிசையில் நிறுத்தி, விண்டோஸின் பதிவேட்டில் பெயரையும் எழுதிவிடுகிறது. போகிற வருகிற கட்டளை எல்லாம் அந்த ஆள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இனி சிக்கலைப் பாருங்கள். அந்த மென்பொருளை ஒரு நாள் நீக்குகிறோம். அது ஒழுங்காக விலகினால் ஆளும் போவார், பெயரும் போகும். அரைகுறையாக விலகினால் இயக்கிக் கோப்பு அழிந்துவிடும், பதிவேட்டில் பெயர் மட்டும் தங்கிவிடும். மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிறார்கள். செக்ரோலில் பெயர் இருக்கிறது, களத்தில் ஆள் இல்லை. "அவர் வராமல் வேலை தொடங்காது" என்று விண்டோஸ் அடம் பிடிக்கிறது. கருவியைத் தொடங்கவே மறுக்கிறது. 'மை கம்ப்யூட்டர்' திறந்தால் சிடி சின்னமே இல்லை. எத்தனை புதுக் கருவி மாட்டினாலும் இதே கதைதான். ஏனென்றால் பதிவேட்டின் அந்தப் பக்கம் தனி ஒரு கருவிக்கு உரியது அன்று. சிடி, டிவிடி என்ற இனம் முழுவதற்கும் பொதுவானது.

ஒரு வேலைக்கு இரண்டு மண்டோர்

இரண்டாவது வகைச் சிக்கல், ஒரே இடத்துக்கு இருவர் போட்டி போடுவது. 2000-களின் தொடக்கத்தில் வட்டை ஒரு பென்டிரைவ் போலப் பயன்படுத்த உதவும் மென்பொருள்கள் புழக்கத்தில் இருந்தன. நீரோவின் இன்சிடி ஒன்று, ராக்சியோவின் டைரக்ட் சிடி இன்னொன்று. கோப்பைச் சுட்டியால் இழுத்துப் போட்டால் போதும், எழுதிவிடும். வசதிதான். ஆனால் இரண்டையும் ஒரே கணினியில் நிறுவினால், வட்டை உள்ளே தள்ளியதும் இரண்டும் அதைத் தனதென்று பிடித்துக்கொள்ளும். கணினி உறைந்து போகும், அல்லது வட்டு பாதியில் வீணாகும். கணினி வாங்கும்போது கடைக்காரர் ஒன்றைப் போட்டுக் கொடுப்பார். ரைட்டர் பெட்டிக்குள் இன்னொன்று வரும். நண்பர் ஒருவர் மூன்றாவதைக் கொடுப்பார். அத்தனையும் ஏற்றிய வீடுகள் எத்தனை!

மூன்றாவது, வயது பொருந்தாத இயக்கி. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட சிடி மென்பொருள்கள் சில அதனோடு ஒத்துப் போகவில்லை. ஈசி சிடி கிரியேட்டர் 5-இன் முந்தைய பதிப்புக்குத் திருத்தப் பதிப்பு தேவைப்பட்டது. பழைய வட்டிலிருந்து அப்படியே நிறுவியவர்கள் அவதிப்பட்டார்கள்.

இது விண்டோஸுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸிலும் இருந்தது. அதன் 2.4 கருநிரல் காலத்தில் ஐடிஇ வகை ரைட்டரில் எழுத, 'ஐடிஇ ஸ்கஸி' என்ற கூறு தேவைப்பட்டது. ஆனால் கணினி தொடங்கும்போதே 'ஐடிஇ சிடி' என்ற வேறொரு கூறு அந்தக் கருவியைப் பிடித்துக்கொள்ளும். பிந்தி வந்தவருக்கு இடமில்லை. வட்டைப் படிக்கலாம், எழுத முடியாது. தொடக்கக் கட்டளையிலேயே "இந்தக் கருவி இன்னாருக்கு" என்று எழுதி வைத்தால்தான் தீரும். 2003 டிசம்பரில் வந்த 2.6 கருநிரல் நேராகவே எழுதக் கற்றுக்கொண்டது. அதன் பிறகு பார்த்தால், பழைய கட்டளையை நீக்காமல் விட்டவர்களுக்கு அதுவே புதுத் தொல்லையானது.

பாட்டு கேட்டதற்குக் கிடைத்த தண்டனை

உலகையே பேச வைத்த ஒரு வழக்கு உண்டு. 2005 அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற அமெரிக்கக் கணினி வல்லுநர் தம் கணினியில் ஒளிந்திருந்த கோப்புகளைப் பற்றி எழுதினார். அவை சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டு ஒன்றைக் கணினியில் போட்டபோது நுழைந்தவை. பாட்டைப் படியெடுப்பதைத் தடுக்க வைத்த காவல் மென்பொருள் அது. அது என்ன செய்தது தெரியுமா? சிடி கருவியின் இயக்கி வரிசையில் தன் ஆளை நிறுத்திவிட்டு, தன்னையே கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டது. அவர் அந்தக் கோப்புகளை அழித்தார். உடனே என்ன ஆயிற்று? அவருடைய சிடி கருவி கணினியிலிருந்து மறைந்து போனது! பதிவேட்டில் தங்கியிருந்த பெயரையும் நீக்கிய பிறகே கருவி திரும்பி வந்தது. எதிர்ப்பு பெருகவே, நிறுவனம் 2005 நவம்பரில் அந்த இசைத்தட்டுகளைத் திரும்பப் பெற்றது.

சிலியாவ் பெரியவரின் கணினியில் இருந்ததும் இதே நோய்தான். காரணம் மட்டும் வேறு. யாரோ ஒருவர் பழைய சிடி மென்பொருளின் கோப்புறையை, முறையாக நீக்காமல், அப்படியே அழித்திருக்கிறார்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வரிசையாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கருவிக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறதா? விளக்கு எரிகிறதா? கணினி தொடங்கும்போது பயாஸ் திரையில் கருவியின் பெயர் தெரிகிறதா? பெயரே தெரியவில்லை என்றால் கம்பி, மின்சாரம், பழைய கருவியானால் பின்புறமுள்ள மாஸ்டர், ஸ்லேவ் ஊசி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். யுஎஸ்பி வழியாக மாட்டும் கருவியானால் மின்சாரம் போதாமலும் இருக்கலாம். கணினியின் பின்புறத் துளையில் மாட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, பயாஸில் பெயர் தெரிந்து விண்டோஸில் தெரியவில்லையா? அப்படியானால் இயக்கிச் சிக்கல் என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். இன்னும் உறுதி வேண்டுமா? நிறுவாமலே ஓடும் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தோ வட்டிலிருந்தோ தொடக்கிப் பாருங்கள். அதில் சிடி படிக்க முடிந்தால் கருவி நலமாக இருக்கிறது. புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம்.

மூன்றாவது, விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறங்கள். எக்ஸ்பியில் 'மை கம்ப்யூட்டர்' மேல் வலப்பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்ட்டீஸ்', 'ஹார்டுவேர்' வழியாகப் போகலாம். புதிய விண்டோஸில் 'ஸ்டார்ட்' சின்னத்தின் மேல் வலப்பொத்தானை அழுத்தினால் போதும். சிடி கருவியின் பக்கத்தில் மஞ்சள் குறி இருந்தால் அதை இருமுறை அழுத்துங்கள். கோட் 19, 31, 32, 39, 41 என்ற எண்களில் ஒன்று தெரிந்தால், நான் சொன்ன 'ஆளில்லாத பெயர்' கோளாறை முதலில் சந்தேகியுங்கள்.

எப்படிச் சரி செய்வது?

முதலில் எளிய வழி. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியை 'அன்இன்ஸ்டால்' செய்து கணினியை மறுபடி தொடக்குங்கள். விண்டோஸ் தானே கண்டுபிடித்து மாட்டிக்கொள்ளும். சில நேரம் இதிலேயே தீரும். தீராவிட்டால், இருக்கிற சிடி மென்பொருள்களையும், போலி சிடி கருவியைக் காட்டும் மென்பொருள்களையும் 'கன்ட்ரோல் பேனல்' வழியாக முறைப்படி நீக்குங்கள். கோப்புறையைப் பிடித்து அழிக்காதீர்கள். அதுதான் வினையே.

அதற்கும் மசியவில்லையா? இனிப் பதிவேட்டைத் திறக்க வேண்டும். இங்கே கவனம் தேவை. கை தவறினால் கணினியே தொடங்காமல் போகலாம். அதனால் முதலில் 'சிஸ்டம் ரெஸ்டோர்' புள்ளி ஒன்றை உருவாக்குங்கள். முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுங்கள்.

பிறகு 'ரெஜ்எடிட்' என்ற பதிவேட்டு மென்பொருளைத் திறங்கள். 'எச்கீ லோக்கல் மெஷின்', 'சிஸ்டம்', 'கரன்ட் கன்ட்ரோல் செட்', 'கன்ட்ரோல்', 'கிளாஸ்' என்று உள்ளே போங்கள். அங்கே அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்களோடு பல கோப்புறைகள் இருக்கும். 4டி36இ965 என்று தொடங்குவதைத் தேடுங்கள். அதே போன்ற எண்கள் மேலும் கீழும் உண்டு என்பதால், அதைத் திறந்ததும் வலப்பக்கத்தில் 'கிளாஸ்' என்பதற்கு நேரே 'சிடிராம்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் சரியான இடம். வேறு சொல் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? அப்பர் ஃபில்டர்ஸ் என்ற பெயர் சிடிக்கு மட்டும் இல்லை. விசைப்பலகைக்கும் உண்டு, வன்தட்டுக்கும் உண்டு. விசைப்பலகையின் பக்கத்தில் அதை அழித்தால் தட்டச்சே ஓடாது. வன்தட்டின் பக்கத்தில் அழித்தால் கணினி எழவே எழாது. பதிவேடு முழுவதும் தேடி, அகப்பட்டதையெல்லாம் அழிக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

சரியான இடத்தை உறுதி செய்துகொண்ட பிறகு, அந்தக் கோப்புறையை 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வலப்பக்கத்தில் உள்ள அப்பர் ஃபில்டர்ஸ், லோவர் ஃபில்டர்ஸ் என்ற இரண்டையும் திறந்து, உள்ளே என்ன பெயர்கள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். எந்த மென்பொருள் விட்டுப்போன எச்சம் என்று அந்தப் பெயரே பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். எழுதியான பிறகு அவ்விரண்டையும் அழித்துவிட்டுக் கணினியை மறுபடி தொடக்குங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அதை மட்டும் அழியுங்கள். கடைசியில் 'பேக்' என்று முடியும் பழைய படிகளைத் தொட வேண்டியதில்லை.

கணினி தொடங்கியதும் கருவி திரும்பி வந்துவிடும். ஆனால் ஒன்று. இந்த வரிசையில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த மென்பொருளின் ஆளும் சேர்ந்து போயிருப்பார். ஆகவே சிடி எழுதும் மென்பொருள் தேவையானால் ஒன்றே ஒன்றை மட்டும் மறுபடி நிறுவுங்கள். எக்ஸ்பியிலேயே சிடி எழுதும் வசதி உண்டு. விஸ்டாவிலிருந்து டிவிடியும் எழுதலாம். வீட்டுத் தேவைக்கு அதுவே போதும்.

படிக்கிறது, ஆனால் ஆமை வேகம்

கருவி தெரிகிறது, ஆனால் எழுதும்போது பாதியில் நிற்கிறது, கணினியே திணறுகிறது என்றால் அது வேறு கோளாறு. பழைய ஐடிஇ கருவிகள் டிஎம்ஏ என்ற வேகமான முறையில் பேசும். கீறல் விழுந்த வட்டைப் படிக்கும்போது தவறுகள் 6 முறை சேர்ந்துவிட்டால், எக்ஸ்பி அந்தக் கருவியைப் பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறக்கிவிடும். பிறகு நல்ல வட்டைப் போட்டாலும் ஏறாது. டிவைஸ் மேனேஜரில் 'செகண்டரி ஐடிஇ சேனல்' என்பதை நீக்கிவிட்டு மறுபடி தொடக்கினால் பழைய வேகம் திரும்பும்.

இது ஏன் நமக்கு முக்கியம்?

நேயர்களே, நெகிரி செம்பிலான் தோட்டங்களைச் சுற்றி வந்தவர்களுக்குத் தெரியும். ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று எங்கே போனாலும் ஒரு காலத்தில் லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனையோ, வீடமைப்புப் பகுதியோ, வெறும் புல்லோ இருக்கிறது. மக்கள் சிரம்பானுக்கும் செனவாங்குக்கும் நீலாய்க்கும் போய்விட்டார்கள். அவர்கள் கிளம்பிய அதே காலத்தில்தான் வீடியோ நாடா போய்க் குறுந்தட்டு வந்தது. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியபோது தமிழ்ப்பள்ளிகளுக்கும் பாடங்கள் குறுந்தட்டில் வந்தன. ஆசிரியர்களும் மாணவர்களும் கணினியைத் தொட்ட காலம் அது. ஆகவே தோட்ட வாழ்க்கையின் கடைசிக் காட்சிகள் பெரும்பாலும் வட்டில்தான் பதிந்திருக்கின்றன.

வீட்டில் எழுதிய வட்டு நிலையானது அன்று. அதில் ஒரு சாயப் பூச்சில்தான் பதிவு நிற்கிறது. வெயிலும் வெக்கையும் ஈரமும் அதைக் கெடுக்கும். நம் நாட்டில் மூன்றுக்கும் பஞ்சமில்லை. எழுதும் கருவியும் இன்று புதிய மடிக்கணினிகளில் வருவதில்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. எனவே பழைய கணினியை இணையத்தில் இணைக்காமல், படியெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

படியெடுப்பதும் எளிதுதான். விசிடியானால் அதற்குள் 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறை இருக்கும். அதிலுள்ள கோப்புகளைப் பென்டிரைவில் போடுங்கள், விஎல்சி மென்பொருளில் ஓடும். புதிய கணினி 'காலி' என்று காட்டும் வட்டைத் தூக்கி எறியாதீர்கள். அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். உள்வட்டத்தில் நிறம் மாறியிருந்தால் அதில் பதிவு இருக்கிறது. இழுத்துப் போட்டு எழுதும் மென்பொருளால் எழுதி, முடித்து மூடாமல் விட்ட வட்டாக இருக்கலாம். எழுதிய கணினியிலோ வேறொரு ரைட்டரிலோ போட்டுப் பாருங்கள். ஐசோபஸ்டர் போன்ற மென்பொருள் அத்தகைய வட்டுகளைப் படிக்கக் கூடியது. படியெடுத்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல் இரண்டு இடங்களில் வையுங்கள்.

பெரியவரின் கணினியில் இரண்டு பெயர்களை நீக்கியதும் கருவி வந்துவிட்டது. பெரும்பாலான வட்டுகள் படிந்தன. நான்கு வட்டுகள் எதிலும் படியவில்லை, பூச்சே உரிந்திருந்தது. அவற்றுள் ஒன்று அவருடைய மகளின் கல்யாணம். இரண்டு ஆண்டு முன்னால் கொண்டு வந்திருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். ஆனால் பழைய கோவில் கிடைத்தது. கோபுரமில்லாத சிறிய கோவில், முன்னால் அரச மரம், பின்னால் வரிசையாக லயம். திரையைத் தொட்டுக்கொண்டே ஒவ்வொரு வீடாகச் சொன்னார், இது இன்னார் வீடு, இது எங்கள் வீடு என்று.

ஆகவே அடுத்த முறை யாராவது "கருவி செத்துப் போச்சு" என்று சொன்னால், உடனே பணத்தை எடுக்காதீர்கள். பயாஸில் தெரிகிறதா, மஞ்சள் குறியின் எண் என்ன என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் வட்டுகளை இந்த வார இறுதியிலேயே எடுத்துப் பாருங்கள். கருவியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அந்த லயத்தை மறுபடி கட்ட முடியாது.